ஜூஜூவாடிக்கு இப்பாலும் அப்பாலும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அந்த ஐம்பது கிலோமீட்டரில் ஒரு காலத்து ராஜ்ய எல்லையைத் தாண்டிவிட்டோம் என்ற ஞாபகம் பிரயாணிகளில் எவருக்கும் வருவதில்லை. 1792ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தபோது கிருஷ்ணகிரி இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஓசூரோ மைசூரோடேயே தங்கியிருந்து, திப்பு வீழ்ந்த 1799க்குப் பிறகுதான் சேலம் ஜில்லாவின் பாலாகாட்டுப் பகுதியாக நம்மோடு சேர்ந்தது. இப்போது எல்லை ஓசூருக்கும் வடக்கே ஜூஜூவாடியில் நிற்கிறது. குருபரப்பள்ளி, சூளகிரி, பேரண்டப்பள்ளி என்று ஊர்கள் வரிசையாக வர, மாந்தோப்புகளும், உருட்டி அடுக்கினாற்போன்ற பாறைக்குன்றுகளும் மெல்லப் பின்வாங்க, ஆலைகளின் தகரக் கூரைகளும் லாரிகள் நிற்கும் மைதானங்களும் முன்வந்து நிற்கும் அச்சாலையில், அன்று என்னோடு காரில் வந்தது ஒரு துப்பாக்கி.

துப்பாக்கி என்னுடையதன்று. பர்கூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த, ராணுவத்தில் ஹவில்தாராயிருந்து ஓய்வு பெற்று ஓசூரில் ஒரு வங்கிக் கிளையின் காவலராக வேலை பார்க்கும் நண்பருடையது. கலெக்டர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறவரை, ஓசூர் வரையில் வழித்துணையாக அழைத்துக்கொண்டேன். பின் ஆசனத்தில் அவருடைய முழங்காலோடு சாய்ந்திருந்தது அந்த ஆயுதம்; காக்கி நிறக் கான்வாஸ் உறை, ஓரங்களில் தோல் வைத்துத் தைத்தது, வாரின் பித்தளைக் கொக்கி கைபட்டுக் கைபட்டு மங்கிப்போனது. உறைக்குள் இருப்பது 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி; அவர் பாஷையில் 'டபுள் பேரல்'. தோட்டாக்கள் தனியே ஒரு பையில், அவருடைய இடுப்போடு இருந்தன. சுங்கச்சாவடியில் கார் நின்றபோது, அருகே கொய்யாப்பழம் விற்ற பையன் உறையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உள்ள என்னா, கிரிக்கெட் பேட்டா?" என்று கேட்டான். "ஆமாண்டா கண்ணு," என்றார் ஹவில்தார், சிறிதும் முகம் மாறாமல்.

இந்த அடக்கம் அவருடைய சுபாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டமும் அதையே கோருகிறது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016இல் புதிதாக வகுக்கப்பட்ட ஆயுத விதிகளில் 32ஆம் விதி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர் அதற்கென்று செய்த உறையில் இட்டு உடலோடு பிணைத்தோ, முதுகுப்பை போன்ற ஒன்றில் வைத்தோதான் கொண்டுபோகலாம் என்றும், மற்றத் துப்பாக்கிகளுக்கும் அவற்றிற்குரிய உறை வேண்டுமென்றும், எதுவாயினும் அது முற்றும் மூடப்பட்டிருக்க வேண்டுமென்றும், எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டுமென்றும் சொல்கிறது. பொது இடத்தில் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுவதும், வெற்றுத் தோட்டாவை வெடிப்பதுங்கூடக் கூடாது. தென்னாப்பிரிக்க நாட்டின் 2000ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஏறக்குறைய இதே வாசகம் இருக்கிறது. ரிவால்வர் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் நாலு பேர் பார்க்கத்தான் வாங்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்த ஆசையின் தலையிலேயே இவ்விதி கை வைக்கிறது. கல்யாண ஊர்வலத்தில் ஆகாயத்தை நோக்கிச் சுடும் வடக்கத்திய வழக்கத்துக்கு 2019ஆம் வருஷத்துத் திருத்தம் இரண்டு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்திருக்கிறது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்ததும், மூன்று வருஷ உரிமத்தை ஐந்து வருஷமாக நீட்டியதும் அதே திருத்தந்தான்.

அமெரிக்காவில் இவ்விஷயம் ராஜ்யத்துக்கு ராஜ்யம் வேறுபடும். டெக்சாஸில் வேலை பார்க்கும் என் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2016 ஜனவரி முதல் அங்கே உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை உறையில் இட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி இடுப்பில் மாட்டிக்கொள்ளலாயிற்று. 2021 செப்டம்பர் முதல், சட்டம் விலக்கியவர்கள் நீங்கலாக, இருபத்தொரு வயது நிரம்பியவர்களுக்கு உரிமமே வேண்டாம் என்றாயிற்று. வெர்மான்ட் ராஜ்யம் உரிமம் என்று ஒன்றை எக்காலத்திலும் கேட்டதில்லை; கலிபோர்னியாவோ வெளி ராஜ்யத்தார் கொண்டுவரும் அனுமதிச் சீட்டை மதிப்பதில்லை. நியூயார்க்கின் கட்டுப்பாட்டை 2022 ஜூன் 23ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்கு ஆயுதம் தரிப்பது பிரஜையின் உரிமை என்று தீர்ப்புச் சொல்லிற்று. நெடுந்தூரம் கார் ஓட்டுகிறவர்கள் ஒவ்வோர் எல்லைப் பலகையைத் தாண்டும்போதும் எந்தச் சட்டத்துக்குள் நுழைகிறோம் என்று விசாரித்துக்கொள்கிறார்களாம். நமக்கு அந்தச் சிரமமில்லை, தேசம் முழுதுக்கும் ஒரே சட்டம் என்று நான் பெருமையாகச் சொன்னபோதுதான், ஹவில்தார் சட்டைப்பையிலிருந்து தம்முடைய லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

அட்டை மடிந்து, ஓரம் நைந்துபோன சிறு புத்தகம். ஆயுதத்தின் வகை, துளையின் அளவு, அதன் எண், வைத்துக்கொள்ளத்தக்க தோட்டாக்களின் தொகை என்று கட்டங்கள். புதுப்பித்த தேதிகளின் மேல் ஊதா மையில் ஒன்றன்மேல் ஒன்றாக முத்திரைகள். இவற்றிடையே, இவ்வுரிமம் எந்தப் பிரதேசத்துக்குச் செல்லும் என்ற கட்டத்தில் 'தமிழ்நாடு' என்று மட்டும் எழுதியிருந்தது. எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவில் ஒரு நிறுவனம் அவருக்கு இப்போதையதைவிட நல்ல சம்பளத்தில் வேலை தரத் தயாராயிருக்கிறது. ஓசூரிலிருந்து அது வெகு தூரமுமில்லை. "அங்க காசு ஜாஸ்திங்க ஐயா. ஆனா அத்திபெலே டோல்கேட்ட தாண்டினா இந்தப் புஸ்தகம் வெறும் காகிதம். அதான் கர்நாடகாவையும் சேர்த்துக் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வர்றேன்," என்றார். உரிமத்தின் நிபந்தனையை மீறுகிறவருக்கு ஆயுதச் சட்டத்தின் 30ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் இந்நாளில் ஒரு தொகையில்லை. ஆனால் மாஜி சிப்பாயின் பெயர் ஒரு குற்றப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அப்புறம் எந்த வங்கி அவரை வாசலில் நிறுத்தும்?

தேர்தல் காலத்தில் இந்த எல்லையின் விசித்திரம் இன்னும் துலங்கும். வாக்குப்பதிவு அறிவிக்கப்பட்டதும், உரிமதாரர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளவேண்டுமென்று கலெக்டர் உத்தரவிடுவது வழக்கம். வங்கிக் காவலர்களைப் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. 2021 ஏப்ரல் 6இல் தமிழ்நாட்டுச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது ஓசூரார் துப்பாக்கிகள் ஸ்டேஷனில் உறங்கின. 2023 மே 10இல் கர்நாடகம் வாக்களித்தபோது எல்லைக்கு அப்பாலுள்ள ஆனேக்கல் தாலுகாவாருடையவை உறங்கின. பத்து நிமிஷ நடைத் தொலைவில் ஒருவர் வீட்டில் துப்பாக்கி இருக்க, மற்றவர் வீட்டில் ரசீது இருந்தது.

சூளகிரியைத் தாண்டும்போது ஹவில்தார் இடது பக்கம் கையைக் காட்டினார். அந்தத் திசையில்தான் ராயக்கோட்டைச் சாலையோரமாகச் சானமாவுக் காடு இருக்கிறது. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கிவந்து தங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. யானைக்குப் பட்டாசும் தீப்பந்தமும், காட்டுப்பன்றிக்குத்தான் துப்பாக்கி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள், பாட்டன் விட்டுப்போன சொத்தாக, பரணில் கிடப்பது ஊரறிந்த ரகசியம். போலீஸார் அவ்வப்போது தண்டோராப் போட்டு, தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கில்லை என்று அறிவிப்பதும், ராத்திரியோடு ராத்திரியாகச் சில துப்பாக்கிகள் ஊர்ச் சாவடியில் வந்து கிடப்பதும் உண்டு. உரிமம் உள்ளவனுக்கோ கட்டுப்பாடு இரட்டிப்பு. காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது; 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வசிக்கும் ஆயுத உரிமதாரர் வனத்துறையிலும் தம் பெயரைப் பதிந்துகொள்ளவேண்டும்; எழுத்து மூலமான அனுமதியின்றி எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் கால் வைக்கலாகாது.

இத்தனை கட்டங்களும் முத்திரைகளும் யாரைக் கட்டுகின்றன என்று ஓசூருக்குள் நுழையும்போது கேட்கத் தோன்றிற்று. 2021 ஜனவரி 22ஆம் தேதி, பட்டப்பகலில், பாகலூர்ச் சாலையிலுள்ள ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் கிளையில் முகத்தை மறைத்துக்கொண்டு நுழைந்த கும்பல், கைத்துப்பாக்கிகளைக் காட்டி, ஏறத்தாழ 25 கிலோ தங்க நகைகளை அள்ளிக்கொண்டு போயிற்று. எல்லைகளையெல்லாம் கடந்து அவர்கள் ஹைதராபாத்தை நெருங்கியபின், நகைப் பையோடு போயிருந்த இடங்காட்டும் கருவியின் உதவியால், மறுநாளே தெலங்கானா போலீஸார் மடக்கிவிட்டார்கள் என்பது சந்தோஷமான சமாசாரம். அந்தத் துப்பாக்கிகளுக்கு எந்தக் கட்டத்திலும் எந்தப் பிரதேசமும் எழுதியிருக்கவில்லை. அவையும் மறைந்துதான் வந்தன. ஆனால் அந்த மறைவு வேறு, ஹவில்தாரின் மறைவு வேறு. ஒன்று பிறரை ஏமாற்ற. மற்றொன்று பிறரைக் கலவரப்படுத்தாதிருக்க. உரிமதாரரின் துப்பாக்கி கண்ணில் படாமலிருக்கிற ஊரில்தான், கண்ணில் பட்ட துப்பாக்கியைப் பார்த்தவுடன் ஜனங்கள் போலீஸுக்குச் சொல்லமுடியும். 32ஆம் விதியின் சூட்சுமம் அதுவே என்று நினைக்கிறேன்.

ஓசூர்ப் பேருந்து நிலையத்தருகில் அவர் இறங்கிக்கொள்ள, நான் மட்டும் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திபெலே வரை சென்றேன். பணப்பெட்டி வண்டிகள் இரண்டொன்று எதிரே வந்தன; கம்பி வலைக்குப் பின்னால் காவலர்களின் தொப்பிகள் மட்டும் தெரிந்தன. அதே கர்நாடகத்தில், மேற்கே குடகில், கொடவ வம்சத்தாருக்கும் ஜம்மா மானியக்காரர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்தே விலக்கு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய அச்சலுகையை மத்திய அரசு 2019இல் மேலும் பத்து வருஷம், 2029 வரை, நீட்டித்தது. கைல்போது பண்டிகையன்று அங்கே துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்கிறார்கள். தேசத்துக்கு ஒரே சட்டம் என்ற என் பெருமையில் இன்னும் கொஞ்சம் அங்கே கரைந்தது. எனினும் அந்த விலக்கு பரம்பரை வழக்கத்தை மதித்துக் கொடுத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

குறை சொல்லவேண்டியது வேறொன்று. ஹவில்தார் தம் ஆயுதத்தை மூடி எடுத்துச் செல்வது ராணுவத்தில் கற்ற பழக்கத்தால்; அப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது என்பது நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். உரிமப் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே, பொது இடத்தில் துப்பாக்கியை எப்படி எடுத்துச் செல்லவேண்டும், எந்த எல்லையோடு உரிமம் நின்றுபோகும் என்ற இரண்டையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, எல்லையோர மாவட்டமான கிருஷ்ணகிரியில் கன்னடத்திலும் தெலுங்கிலும் சேர்த்து, கலெக்டர் அலுவலகத்தார் கொடுக்கவேண்டும். பரணில் பாட்டன் துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர் எவரேனும் இதைப் படித்தால், அடுத்த தண்டோராவுக்குக் காத்திராமல், அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.