கம்ப்யூட்டருக்கு ஒரு சுயவைத்தியம்

கிளினிக் டெஸ்க்டாப்புக்கு வயசு 12. ஒரு பேஷன்ட் ஃபைலைத் திறக்கறதுக்குள்ள அடுத்த டோக்கன் கதவைத் தட்டிடுவார். ப்ராசஸர்தான் பிரச்சினைன்னு நானே முடிவு பண்ணி, ஐ3-2100ஐக் கழட்டிட்டு, அதே 1155 சாக்கெட்டில் உட்காரும் செகண்ட் ஹேண்ட் ஐ5-3470ஐ மாட்டினேன். (பின்கள் இருப்பது போர்டில். ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு. தையல் போடும்போதுகூட கை இப்படி நடுங்கினதில்லை.)

ஃபேன் சுத்துது, திரை கருப்பு. பழைய பயாஸுக்கு மூன்றாம் தலைமுறை ப்ராசஸரைத் தெரியாதாம். திரும்ப ஐ3ஐ மாட்டி, பயாஸ் அப்டேட் செய்து, மறுபடி ஐ5. ஆன் ஆச்சு. ஃபைல் மட்டும் அதே ஆமை வேகம்.

அப்புறம்தான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 15 சதவீதம், டிஸ்க் 100. ஹார்டு டிஸ்க்கில் இருந்ததை எஸ்எஸ்டிக்கு மாத்தினதும் பறக்குது.

டெஸ்ட் எடுக்காம தானே மருந்து வாங்கிச் சாப்பிட்டு வர்றவங்களை எவ்வளவு திட்டியிருக்கேன்! இந்த வாரம் யாரையும் திட்டலை.