விற்ற வண்டிக்கு வந்த அபராதம்

மாட்டை விற்பவர் கயிற்றை விற்பதில்லை. வாங்கியவர் தாம் கொண்டுவந்த கயிற்றைக் கட்டி ஓட்டிச் செல்ல, பழைய கயிறு பழைய தொழுவத்திலேயே தங்கிவிடும். கயிற்றோடு வீட்டின் இலட்சுமியும் போய்விடலாகாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். வேறொரு காரணமும் இருக்கலாம் என்பது எமது எண்ணம். நாளைக்கு அம்மாடு அயலார் தோட்டத்தில் புகுந்து மேயுமானால், பழைய கயிற்றைக் காட்டிப் பழைய சொந்தக்காரரிடம் எவரும் நஷ்டஈடு கேட்க இயலாதல்லவா?

மோட்டார் வண்டி விஷயத்தில் நிலைமை வேறு. வண்டியை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிய பின்னரும், எமது பெயர் என்னும் கயிறு அதன் கழுத்திலேயே கிடக்கின்றது. நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் அப்பெயர் மாறும் வரைக்கும், வண்டி எங்கே மேய்ந்தாலும் கேள்வி எம்மிடமே வரும். இதனை நாம் முன்னரே ஓரளவு அறிந்திருந்தோம். அக்கயிறு எவ்வளவு நீளமானது என்பதை மட்டும் 2024 ஆம் ஆண்டில் வந்த ஓர் அறிவித்தல் எமக்குக் கற்பித்தது.

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பல்லாண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்தவர்கள் நாம். நமுனுகுலை மலையினின்று இறங்கும் மூடுபனியில் பாதையின் வளைவுகளைக் கண் சரிவரப் பிரித்தறியாத வயது வந்தபோது, 2021 இல் எமது சிறிய காரை விற்றுவிட்டோம். மறு வருடம் ஓய்வு பெற்று ஹாலி-எலவில் குடியேறினோம். பதிவேட்டிலோ விற்ற நாளில் இருந்த தோட்டத்து முகவரியே இருந்தது. ஆகவே அறிவித்தலைக் கொண்டுவந்த கான்ஸ்டபிள் எம்மைத் தேடி நேரே தோட்டத்து லயத்துக்குப் போய்விட்டார்.

அவர் மிகவும் மரியாதையாகவே விசாரித்தாராம். ஆயினும், பொலிஸார் தேடுகின்றனர் என்ற செய்திக்கு மரியாதை ஏது? மாலைக்குள் அது பிரட்டுக்களத்திலிருந்து கொழுந்து மடுவம் வரையில் பரவிவிட்டது. பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “மாஸ்டர், ஒங்களப் பொலிஸ் தேடி வந்துச்சு. பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்” என்றார். நாம் என்ன குற்றம் செய்தோம் என்று அவர் கேட்கவில்லை. கேளாதிருந்ததே எம்மை அதிகம் வருத்திற்று.

அறிவித்தலை வாங்கிப் பார்த்தோம். கொழும்பில் ஒரு சந்தியில் சிவப்பு விளக்கு எரிகையில் எமது இலக்கமுடைய கார் கடந்து சென்றதாம். திகதியும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தன. அந்த மாதம் முழுவதும் நாம் பதுளை மாவட்டத்தைத் தாண்டிப் போனதில்லை.

இத்தகைய அறிவித்தல்கள் இப்போது ஏன் வருகின்றன என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். முன்னாளில் வீதிக் குற்றம் என்றால், பொலிஸார் வண்டியை மறித்துச் சாரதியின் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துத் தண்டச் சீட்டை எழுதுவர். குற்றம் செய்தவர் கண் முன்னே நிற்பார். 2024 ஜனவரி 22 ஆம் திகதி தொடக்கம், கொழும்பு மாநகர வீதிகளில் பொருத்தப்பட்ட சி.சி.டி.வி. கருவிகளைக் கொண்டும் குற்றங்களைக் கண்டுபிடிக்கலாயினர். கருவிக்கு இலக்கத்தகடு தெரியும். சாரதி யாரென்பது தெரியாது. ஆகவே இலக்கத்தைப் பதிவேட்டில் பார்த்து, அங்கே காணப்படும் பெயருக்கு அவரவர் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் வாயிலாக அறிவித்தல் அனுப்பப்படுகிறது. கருவியின் மீது குறை கூறுவதற்கில்லை. அது பதிவேட்டை நம்புகிறது. பதிவேடோ மனிதரை நம்புகிறது.

கேட்கப்பட்ட தொகை பெரிதன்று. இருநூறு கிலோ மீட்டருக்கும் அப்பால் உள்ள கொழும்புக்குப் போய்வரும் செலவையும் அலைச்சலையும் எண்ணினால், கட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பதே இலாபம். நண்பர்களும் உறவினரும் அவ்வாறே புத்தி சொன்னார்கள். நாம் இணங்கவில்லை. சிக்கனத்தையோ வீம்பையோ முன்னிட்டு மறுத்தோம் என்று எவரும் கருதவேண்டாம். அபராதத்தைச் செலுத்துவது, வண்டி எம்முடையதே என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதற்குச் சமானமாகும். இன்று சிவப்பு விளக்கைக் கடந்த வண்டி நாளை ஒரு மனிதர் மீது ஏறினால், அந்த ஒப்புதல் எம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்?

இது வீண் கற்பனையன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரியில் இத்தகைய வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஒருவர் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவரும் வேறொருவருக்குக் கைமாற்றினார். 2009 இல் அக்கார் விபத்தில் சிக்கியபோது பதிவேட்டில் இருந்ததோ முதலில் விற்றவரின் பெயர். கை எத்தனை மாறினாலும், பதிவேட்டிலுள்ள பெயருக்குரியவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றும், நட்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் நீதிமன்றம் கூறிற்று. அது அந்நாட்டுச் சட்டத்தை ஒட்டிய தீர்ப்பே. எனினும், விபத்தில் அடிபட்ட ஏழை, கைமாறிய வரிசையைத் துருவிக்கொண்டு வாசல் வாசலாக அலையலாகாது என்ற அதன் நியாயம் எந்நாட்டாருக்கும் விளங்கும்.

எமது நாட்டில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இவ்விஷயத்தில் இரு தரப்பாருக்கும் கடமை விதித்துள்ளது. வண்டி கைமாறியதை விற்றவர் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும், அதற்குரியது எம்.டீ.ஏ. 8 என்னும் படிவம். வாங்கியவர் தம் பெயரில் பதியுமாறு விண்ணப்பித்தல் வேண்டும், அதற்குரியது எம்.டீ.ஏ. 6. விற்றவர் தம் கடமையைச் செய்துவிட்டாலும், வாங்கியவர் விண்ணப்பிக்காத வரையில் புதுப் பெயர் பதிவேட்டில் ஏறுவதில்லை. எமக்கு நேர்ந்தது இதுவே.

ஊரில் வழங்குவது மற்றொரு வழக்கம். அதனை “ஓபன் பேப்பர்” என்பர். விற்பவர் படிவங்களில் கையொப்பம் மட்டும் இட்டுத் திகதியையும் வாங்குபவர் பெயரையும் வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். வண்டி புரோக்கரிடமிருந்து வியாபாரிக்கும், வியாபாரியிடமிருந்து மற்றொருவருக்கும் அத்தாளோடு கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் பதிவுக் கட்டணம் மிச்சம். கடைசியில் யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், அதனை நிரப்புவார். அல்லது நிரப்பாமலே விடுவார்.

எமது காரை வாங்க வந்தவரும், “திகதியை மட்டும் போடாமக் குடுங்க மாஸ்டர், நான் பாத்துக்கிறேன்” என்று கேட்டார். நாம் தயங்கியதைக் கண்டு, “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்றும் கேட்டுவிட்டார். அக்கேள்விக்கு அஞ்சியே பலர் திகதியிடாமல் கையொப்பமிட்டுவிடுகின்றனர். ஒருவர் முகத்துக்கு நேரே நம்பவில்லை என்று சொல்ல எமது மக்களுக்கு நா எழுவதில்லை. “நம்பிக்கை இருப்பதனாலேதான் காரைத் தருகிறோம், ஞாபகத்தில் நம்பிக்கை இல்லாததனால் திகதியைப் போடுகிறோம்” என்று சொல்லித் திகதியும் நேரமும் இட்டோம். அவருடைய அடையாள அட்டையின் பிரதியொன்றைப் பெற்றோம். வண்டியை இன்ன நேரத்தில் பொறுப்பேற்றேன் என்று ஒரு தாளில் எழுதுவித்து அவரது கையொப்பத்தை வாங்கினோம். எமது அறிவித்தலைத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அஞ்சலகத்தார் தந்த பற்றுச்சீட்டையும் அவற்றோடு சேர்த்து வைத்தோம்.

இந்த நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு முதலில் எமது பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குச் சென்றோம். “புத்தகத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது?” என்று அங்கிருந்தவர் கேட்டார். புத்தகத்தில் இருப்பது பெயர், அன்றைய தினம் வண்டியை வைத்திருந்தவர் வேறு என்று கூறி, எமது வாக்குமூலத்தைப் பதியுமாறு வேண்டினோம். பின்னர் அறிவித்தலை அனுப்பிய கொழும்புப் பொலிஸ் நிலையத்துக்குக் கடிதம் எழுதினோம். கோபமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. அறிவித்தலின் இலக்கம், குற்றம் நிகழ்ந்த திகதி, வண்டி கைமாறிய திகதி, வாங்கியவரின் பெயர் ஆகியவற்றை மட்டும் எழுதிப் பிரதிகளை இணைத்தோம். மூலப்பத்திரம் ஒன்றையும் கைவிடவில்லை. அக்கடிதத்தின் பிரதியொன்று திணைக்களத்துக்கும் போயிற்று.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதினோம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. 1999 இல் ஹாலி-எல, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை முதலான பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டன. தமக்கு விளங்காத மொழியில் யாரோ எழுதித் தந்ததில் கையொப்பமிடுவதைக் காட்டிலும், விளங்கும் மொழியில் நான்கு வரி எழுதுவது மேலானது. சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. எம்மீது நடவடிக்கை இல்லை என்றும், வாங்கியவரிடம் விசாரிக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.

பிற நாடுகளிலும் இதுவே முறை. லண்டன் மாநகரில் 2003 இல் நெரிசல் கட்டணம் வந்த காலந்தொட்டு, கட்டணம் செலுத்தாத வண்டிகளைப் படக்கருவிகளே கண்டறிகின்றன. அங்கும் அறிவித்தல் பதிவேட்டுப் பெயருக்கே போகிறது. குறித்த நாளில் வண்டி என்னுடையதன்று என்பது அதனை ஆட்சேபிக்கச் சட்டம் ஏற்றுக்கொண்ட காரணங்களுள் ஒன்று. வாயால் சொன்னால் மட்டும் போதாது. யாருக்கு, எப்போது கொடுத்தோம் என்பதைக் காட்டவேண்டும். ஆகவே இவ்வழக்குகளின் வெற்றி தோல்வி, அபராதம் வந்த நாளில் அன்று, வண்டியை விற்ற நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

எமது செய்தி பரவியபின் எம்மைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். கொழுந்து பறிக்கும் தாயின் ஒரே மகன். 2022 இல் நாடு பட்ட பொருளாதார நெருக்கடியில், பெற்றோல் வரிசையிலேயே நாள் கழிந்து ஓட்டம் இல்லாமற் போனமையால், தம் முச்சக்கர வண்டியை ஓபன் பேப்பரில் புரோக்கர் ஒருவருக்கு விற்றவர். புரோக்கரின் தொலைபேசி இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. அபராத அறிவித்தல் ஒன்று வந்தபோது பயந்து கட்டிவிட்டார். இரண்டாவதும் வந்துவிட்டது. “எத்தன தடவ சேர் கட்டுறது?” என்று அவர் கேட்டபோது எமக்குத் தோட்டத்துப் பழங்கதை ஒன்று நினைவுக்கு வந்தது.

முற்காலத்தில் தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் “துண்டு” வேண்டும். அவர் பேரிலுள்ள கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். புதுத் தோட்டத்தில் அக்கடனைத் தீர்த்தாலன்றி விடுதலை இல்லை. கடன் எவ்வாறு ஏறியது என்பது அவருக்கே தெரியாது. துண்டு மட்டும் அவருக்கு முன்னால் போய் நிற்கும். அம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின்போது, தேயிலையோடு வாழ்ந்து தேயிலைக்கே உரமான மக்கள், காட்டுவதற்குத் தாள் இல்லாமையால் நாடற்றோராயினர். அக்குறையில் எஞ்சியது நீங்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. தாள் இருந்தும் துன்பம், இல்லாமலும் துன்பம் என்று கண்ட தலைமுறையின் பேரப்பிள்ளை, வெறுந்தாளில் கையொப்பமிட்டுக் கொடுக்கலாமா?

ஆயினும் நடந்ததற்காக அவரைக் கடிந்து பயனில்லை. அன்று வீட்டில் அரிசி இல்லை. பணத்தை நீட்டியவர் தாளையும் நீட்டினார். அவருக்காக இரண்டு கடிதங்கள் எழுதினோம். வண்டி தம்மிடம் இல்லை என்பதையும், யாரிடம், எந்த மாதத்தில், எந்த இடத்தில் கொடுத்தார் என்பதையும், உடனிருந்த சாட்சிகள் யாவர் என்பதையும் அவர் சொன்னபடியே தமிழில் எழுதினோம். ஒன்று திணைக்களத்துக்கு; மற்றொன்று அறிவித்தலை அனுப்பிய நிலையத்துக்கு. பகுதிப் பொலிஸிலும் முறைப்பாடு பதிவாயிற்று. இரண்டாவது அபராதத்தை அவர் கட்டவில்லை.

பதில் இன்னும் வரவில்லை. எமக்கு வந்ததுபோல் எளிதாக வரும் என்று சொல்லவும் துணியோம். பதுளைத் தபாற் கந்தோரில் கடிதங்களைப் பதிவு செய்தபோது, பற்றுச்சீட்டில் திகதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அவரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய தாயார் அதனை வாங்கி, தம் பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கும் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.