கல்கத்தாவில் கேக் வேட்டை

கல்கத்தாவிலிருந்து வருகிறவர்கள் கையில் ரசகுல்லா டப்பா இருக்க வேண்டும் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். கேக் வாங்கி வந்தால், "இதுக்கா அவ்வளவு தூரம் போனே? நம்ம தெருக்கோடியிலேயே கிடைக்குமே!" என்பார்கள். கிடைக்காதுங்க! பல தலைமுறை தாண்டிய கடைகளில், யூதர், கோவாக்காரர், சுவிட்சர்லாந்துக்காரர், சிட்டகாங் பௌத்தர் என்று பல கைகள் பழகிப் பழகி வந்த கேக் அது. ஊரின் பெயர் 2001-ல் கொல்கத்தா ஆகிவிட்டது. ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக அங்கே குடித்தனம் நடத்தும் என் அக்காவுக்கு இன்னும் கல்கத்தாதான். அதனால் எனக்கும் அப்படியே வருகிறது.

அக்கா வீடு லேக் மார்க்கெட் பக்கம். வாழையிலை, காபிப்பொடி, மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கிற நம்மவர் பேட்டை. அத்தானுக்கு வேலை முடிந்துவிட்டது. தை பிறந்ததும் மகனோடு இருக்கச் சென்னைக்கு வருகிறார்கள். "காளிகாட்டெல்லாம் நீ பார்த்தாச்சு. இந்த டிசம்பர்லே கேக் கடைங்களைப் பார்த்துடலாம் வாடி. அப்புறம் எங்கே வரப் போறோம்?" என்று அக்கா எழுதியதும் கிளம்பிவிட்டேன்.

அக்காவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை நோய். "சர்க்கரைக்காரி கேக் கடைக்கா போறே?" என்று அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். "வாங்கத்தான் போறேன், சாப்பிட இல்லே" என்றாள் அக்கா. அதில் பாதிதான் உண்மை! கேக் சாப்பிடுகிற நாளில் ஒரே ஒரு துண்டு, அதுவும் விரல் கனம், அன்றைக்கு மத்தியானச் சோற்றைக் குறைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் கேட்டு ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். இது அவளுக்குச் சொன்ன கணக்கு. மாத்திரை, ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் தாமாகவே சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்காளிகள் கிறிஸ்துமஸை 'பொரோதின்' என்கிறார்கள். பெரிய நாள் என்று அர்த்தம். அன்றைக்குக் கேக் வாங்காத வீடே இல்லை என்று சொல்லிவிடலாம். துர்க்கா பூஜைக்குப் புதுப் புடவை மாதிரி, பொரோதினுக்குக் கேக். சாமி யார், சாதி என்ன என்பதெல்லாம் கேக்குக்கு முன்னால் நிற்காது போலிருக்கிறது!

காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கினோம். (நாட்டிலேயே முதல் மெட்ரோ, 1984-ல் ஓடத் தொடங்கியது என்பதை அக்கா தன் வீட்டுப் பெருமை போலச் சொல்லுவாள்.) அங்கிருந்து நடக்கிற தூரத்தில் நியூ மார்க்கெட். பெயர்தான் நியூ, திறந்தது 1874-ல்! வாசலிலேயே கூடைக்காரர்கள் "தீதி, தீதி" என்று சூழ்ந்துகொண்டார்கள். அக்கா யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் சந்து சந்தாகத் திரும்பி நஹூம் கடை முன்னால் கொண்டு போய் நிறுத்தினாள்.

பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் கடை இது. 1902-ல் வீடு வீடாகப் போய் விற்றுத் தொடங்கிய வியாபாரம். 1916 முதல் இந்த மார்க்கெட்டில்தான். பளபளப்பு ஒன்றும் கிடையாது. பழைய தேக்கு அலமாரி, கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான். வரிசை மட்டும் மார்க்கெட் நடைபாதை நெடுக நீண்டிருந்தது. எனக்கு முன்னால் பர்தா அணிந்த ஒரு அம்மாள், அவருக்கு முன்னால் நெற்றி நிறையக் குங்குமம் வைத்த வங்காளி மாமி. கவுண்டரில் யாரும் அவசரப்படவில்லை. வரிசையிலும் யாரும் கோபப்படவில்லை. இதுவே எனக்கு ஆச்சரியம்!

இங்கே பழக் கேக்தான் ராஜா. கத்தி வைத்தால் உதிராமல் இறங்க வேண்டும். திராட்சை அடியில் போய் உட்காராமல் மேலும் கீழும் பரவி இருக்க வேண்டும். நல்ல பழக் கேக்குக்கு இவை இரண்டும் அடையாளம். (பழங்களை மைதாவில் பிரட்டிச் சேர்த்து, மாவைக் கெட்டியாகவும் வைத்தால் நம் வீட்டிலும் பழம் அடியில் தங்காது.) பழக் கேக்கின் கறுப்பு நிறம் சாயமாக இருக்க வேண்டியதில்லை. சர்க்கரையைக் கருக்கி, வெந்நீர் விட்டுக் கரைத்த பாகிலேயே அந்த நிறம் வந்துவிடும். வெந்நீர் விடும்போது தெறிக்கும், தள்ளி நின்று விடுங்கள். அங்கே எலுமிச்சை டார்ட்டும் உண்டு, சீஸ் அடைத்த சம்புசாக்கும் உண்டு. நாம் பப்ஸ் என்பதை அங்கே 'பாட்டீஸ்' என்கிறார்கள்.

ஆயிரக்கணக்கில் இருந்த கல்கத்தா யூதர்கள் இன்று விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே மிச்சம். அவர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண் குழந்தைகள். ஜெப ஆலயங்களைப் பார்த்துக்கொள்வதும் முஸ்லிம் குடும்பங்கள்தான். இதையெல்லாம் அக்கா வரிசையில் நின்றபடி சொன்னாள். "எல்லாரும் போயிட்டாலும் கடை நிக்குது பாரு" என்றவள், அதற்குமேல் பேசவில்லை.

பார்க் ஸ்ட்ரீட் ஃப்ளூரிஸைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. சுவிஸ் தம்பதி 1927-ல் தொடங்கியது. காலையில் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, டீயும் ரம் பாலும் சொல்லித் தெருவை வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒரு முறை போகலாம். அதே மத்தியானம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு புதுக் கடையில் க்ரீம் கேக் வாங்கினோம். வாயெல்லாம் வனஸ்பதி! பெயர் வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

நவாப் அப்துர் ரஹ்மான் ஸ்ட்ரீட்டில் இருக்கும் சல்தானாவைப் பார்த்தால் கடை என்றே தோன்றாது, வீடு மாதிரிதான். 1930-ல் கோவாக்காரத் தம்பதி தொடங்கியதை இன்று தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். வால்நட் கேக்கை வாயில் போட்டதும் அக்காவின் 'விரல் கனம்' கொஞ்சம் பெருவிரல் கனமாயிற்று. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இத்தனை கடை ஏறி இறங்கியும், என்னைக் கேட்டால் முதல் இடம் கடைக்கு இல்லை, ஒரு அடுப்புக்குத்தான். அக்காவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியத் தோழி ஒருவர் போ பாரக்ஸ் பக்கம் இருக்கிறார். அந்த வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் கேக்கைக் கடையில் வாங்குவதை விட, சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சுட்டு வாங்குவதுதான் பழைய வழக்கம். மைதா, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, வாரக்கணக்கில் ரம்மில் ஊறிய பழங்கள், வெள்ளைப் பூசணி முரப்பா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போக வேண்டும். அவர்கள் நம் கண் முன்னாலேயே கலந்து சுட்டுத் தருவார்கள். நாம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஏன்? "என் வெண்ணெய் என் கேக்கிலேதான் போகுதான்னு பார்க்க வேண்டாமா!" என்று அந்தம்மாள் கண்ணடித்தார்.

செங்கல் அடுப்பின் உள்ளேயே விறகை எரித்து, தணலை வழித்து எடுத்துவிட்டு, செங்கல்லில் தங்கின சூட்டிலேயே சுடுகிறார்கள். கடும் சூட்டில் முதலில் ரொட்டி. சூடு தணிந்த பிறகுதான் கேக்கின் முறை. வெந்ததா என்று பார்க்கத் தர்மாமீட்டர் இல்லை. வயசான முஸ்லிம் பெரியவர் ஒருவர் அடுப்பு வாயருகே கையை நீட்டி, மனசுக்குள் ஏதோ எண்ணிவிட்டு, நீளத் துடுப்பால் தகர டப்பாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். டப்பாவின் மேல் காகிதத்தில் எழுதிய பெயர்கள். முன்னெல்லாம் விடிய விடிய வரிசை நிற்குமாம். இப்போது அன்றைக்கு எங்களைத் தவிர நாலே குடும்பங்கள். பிள்ளைகள் எல்லாம் ஆஸ்திரேலியா, கனடா.

பதினேழு வருஷமாக அக்காவும் இந்த அம்மாளுடன் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். "அடுத்த வருஷம் யார் என்னோட காவல் உட்காருவாங்க?" என்று அவர் கேட்டதும் அக்கா குனிந்து பையில் எதையோ தேடினாள். பையில் ஒன்றும் இல்லை.

முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்ளும் அக்காவின் மாமியாரை விட முடியுமா? பவானிபூரில் 1885-லிருந்து இருக்கும் பலராம் மல்லிக் கடையில் அவனில் சுட்ட ரசகுல்லா வாங்கினோம். பால் திரட்டு மேலே பொன்னிறமாகச் சுட்டிருக்கும். கிழவி இரண்டு சாப்பிட்டுவிட்டு, "இதுதான் கேக்கா? நல்லாத்தானே இருக்கு" என்றார்.

டீக்கடைகளில் பாபுஜி கேக் என்று ஒன்று உண்டு. 1973 முதல் ஹவுராவில் தயாராகிறது. மெழுகுக் காகிதத்தில் சுற்றிய சின்னச் சதுரம், பூசணித் துணுக்குகளோடு. பள்ளிப் பிள்ளையும் ரிக்ஷாக்காரரும் சாப்பிடுகிற கேக். சூடான டீயில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள், பெரிய கடைகளுக்கு நடுவே அதற்கும் ஒரு நாற்காலி போடுவீர்கள்.

கொண்டுவருவது பற்றி ஒரு வார்த்தை. பாட்டீஸும் க்ரீம் கேக்கும் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ரயிலுக்கு ஆகாது. பழக் கேக்குக்குப் பயமில்லை. நன்றாக ஆறிய பிறகு வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, இறுக மூடும் தகர டப்பாவில் வையுங்கள். ஈரக் கத்தி மட்டும் படவே கூடாது. ஷாலிமாரில் கோரமண்டல் ஏறியபோது என் பையில் அந்த அடுப்புக் கேக் இரண்டு இருந்தன.

ரயில் கிளம்பும் சமயம் அக்கா ஜன்னலோரம் வந்து, "ஏண்டி, வேப்பேரிப் பக்கம் விறகடுப்பு பேக்கரி இருக்குன்னு சொல்றாங்களே, நாம சாமான் கொடுத்தா சுட்டுத் தருவாங்களான்னு விசாரிச்சு வை. அடுத்த டிசம்பருக்கு அவளையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

அடுத்த வாரம் போய் விசாரிக்க வேண்டும்.