தண்ணீர் நின்ற கோடு

கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டால் கண் பழக ஒரு நிமிடம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் கேமராவின் பின்புறத்து மங்கல் கண்ணாடியில் கரைவெட்டி ஏரி மெல்லத் தெரியத் தொடங்கும். மேலே தண்ணீர், கீழே வானம், நடுவில் அடிமரம் மேலும் கிளை கீழுமாகத் தொங்கும் கருவேல மரங்கள். மார்கழி விடிகாலையில் என் மூச்சே கண்ணாடியில் பனியாகப் படிந்து படத்தை மறைத்துவிடும். மூச்சை அடக்கி, பூதக்கண்ணாடியை வைத்து, ஒரு மரப்பட்டையின் வெடிப்பு கூர்மையாகும்வரை திருகைத் திருகுவேன். வெளியே நூற்றுக்கணக்கான பறவைகளின் சத்தம். துணிக்குள் ஒரு பட்டைத் துண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே பெரம்பலூரிலிருந்து இருட்டோடு கிளம்பி, அரியலூர், கீழப்பழுவூர் தாண்டி வந்துகொண்டிருக்கிறேன்.

கேமரா ஆலப்புழையில் செய்த பழைய வாகீஸ்வரி. தேக்கு மரம், பித்தளைத் திருகுகள், மடிப்பு மடிப்பாக நீளும் பெல்லோஸ். ஒரு காலத்தில் நம் ஊர் ஸ்டூடியோக்கள் பலவற்றில் இருந்த பெட்டிதான். குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோக்காரர் துணிக்குள் நுழைந்து நின்றது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பின்பக்கத்தை ஒரு தச்சரிடம் கொடுத்து, இன்று கிடைக்கும் 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் ஹோல்டர் உட்காரும்படி மாற்றிக்கொண்டேன். லென்ஸில் ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் ஷட்டர். ஸ்டாண்டு, ஹோல்டர்கள் எல்லாம் சேர்ந்தால் கால் மூட்டை சிமென்ட் எடை இருக்கும். இரண்டு ஹோல்டர், நான்கு ஷீட். அதற்கு மேல் ஒரு காலையில் எடுப்பதில்லை.

ஏரிக்கரை மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். களிமண். ஸ்டாண்டின் கூர்முனையை ஊன்றினால் நின்றதுபோல் இருக்கும், ஆனால் நிற்காது. மூடியைத் திறந்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு நூல் அளவு இறங்கும். முதல் ஆண்டு எடுத்தவற்றில் பாதி அப்படித்தான் கலங்கிப்போயின. துணிக்குள் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது, கழுவிப் பார்த்தால் மரமெல்லாம் இரட்டையாக இருந்தது. இப்போது மூன்று பனைமட்டைகளின் அகலமான அடித்துண்டுகளை வெட்டி எடுத்துப்போகிறேன். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒன்று. மட்டை ஈரத்தில் ஊறினாலும் நெகிழாது. கடையில் காசு கொடுத்து வாங்கிய எந்தச் சாமானும் இதற்கு ஈடாகவில்லை.

காலடியில் இருக்கும் கோரையும் தொலைவில் இருக்கும் மரமும் ஒருசேரக் கூர்மையாக வேண்டுமென்றால், சிறிய கேமராவில் துவாரத்தைச் சிறிதாக்குவதுதான் வழக்கமான வழி. இதில் இன்னொரு வழி உண்டு. பின்பக்கத்தின் மேல்விளிம்பை என் பக்கமாகச் சற்றே சாய்க்க வேண்டும். படம் தலைகீழாக இருப்பதால் காலடிக் கோரை விழுவது கண்ணாடியின் மேல்பகுதியில். அது விலக விலகக் கோரை கூர்மையாகும். ஏரியின் தண்ணீர்ப் பரப்பு முழுவதும் ஒரு பாய் விரித்ததுபோல் கண்ணாடியில் படியும் கணம் ஒன்று உண்டு. அதற்குள் சாய்வு அரை நூல் கூடிவிட்டால் மரத்தின் உச்சி போய்விடும். திரும்பவும் முதலிலிருந்து. இதற்குள் வெளிச்சம் மாறிவிடும். அவசரப்படுகிறவனுக்கு இந்தப் பெட்டி எதையும் கொடுக்காது.

பனிமூட்டத்தில், துவாரத்தை எஃப் 32-க்குக் குறைத்து, எஃப்பி4 ஃபிலிமுக்கு மீட்டர் 10 விநாடி காட்டும். நான் 18 விநாடி கொடுப்பேன். வெளிச்சம் குறைந்து நேரம் நீள நீள ஃபிலிமின் கூருணர்வு சோர்ந்துபோகும், அதை ஈடுகட்டத்தான். அந்த 18 விநாடியில் பறக்கும் எதுவும் பதியாது. ஊசிவால் வாத்துகள் கூட்டமாக எழும்பி லென்ஸுக்கு எதிரே கடந்து போயிருக்கின்றன. நெகட்டிவில் ஒரு சுவடும் இல்லை. சிறகை விரித்துக் காயவைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாம்புத்தாரா மட்டும் எப்போதாவது பதியும்.

கரையில் நீண்ட டெலி லென்ஸோடு வரும் தம்பிகள் என்னிடம் கேட்பார்கள்: "அண்ணே, வரித்தலை வாத்து வந்திருக்கு, நீங்க மரத்த எடுத்துக்கிட்டு இருக்கீங்களே?" இமயத்தைத் தாண்டி வரும் வாத்து. அதன் படங்களை அவர்கள் அருமையாக எடுக்கிறார்கள், நானும் ஆசையோடு வாங்கிப் பார்க்கிறேன். ஆனால் அந்த வாத்து இத்தனை தூரம் வந்தது எதற்காக? தண்ணீருக்காக. அந்தத் தண்ணீரை யாராவது எடுக்க வேண்டாமா?

அதுவும் எளிதில் வந்த தண்ணீர் இல்லை. மேட்டூரில் திறந்து, காவிரியில் வந்து, புள்ளம்பாடி வாய்க்காலில் பிரிந்து, வழியில் எத்தனையோ வயல்களைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறது. கரைவெட்டியைக் காடு என்று சொல்ல முடியாது. மனிதர் கரை கட்டி, மதகு வைத்து, பாசனத்துக்காகத் தேக்கிய ஏரி. 1999-இல் சரணாலயமானது. 2024 ஜனவரியில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 454 ஹெக்டேர். இப்படித் தண்ணீரையே எடுத்த ஒருவர் எனக்கு முன்பே உண்டு. அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்பில் கிளைட் புட்சர் என்பவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, என்னுடையதைவிடப் பெரிய கேமராக்களில் கறுப்புவெள்ளைப் படங்கள் எடுத்தார். மகனை இழந்த துக்கத்தில், 1986-க்குப் பிறகு வண்ணத்தையே விட்டவர். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நான் ஷீட் ஃபிலிம் பக்கம் போனேன். ஆனால் அவரைப்போல நான் தண்ணீரில் இறங்குவதில்லை. வனத்துறை அனுமதிக்கும் கரையிலிருந்துதான் எல்லாம். அவருடையது மனிதர் இல்லாத சதுப்பு. இங்கே ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரு மதகோ கரையின் வளைவோ எங்காவது இருக்கும். அது இருக்கட்டும் என்றே விடுகிறேன். அதைத் தவிர்த்து எடுத்தால் அது கரைவெட்டியே இல்லை.

நம் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. மதராஸ் அரசாங்கத்தின் போட்டோக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், 1858-இல் திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று மெழுகுத்தாள் நெகட்டிவோடு சுற்றியவர். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளை மட்டும் 21 படங்களாக எடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒட்டியிருக்கிறார். அந்தக் காலத்துத் தாளில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும் என்பதால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டுவார். அவர் தீட்டியது பாதகமில்லை. நான் தீட்டியதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் கடுந்தண்ணீர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த நிலமெல்லாம் கடல். காரைப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் இன்றும் கடல்சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன, சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு மரமே கல்லாகிக் கிடக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் அரியலூரில் சிமென்டாகிறது. அதே சுண்ணாம்புதான் என் டார்க்ரூம் குழாயிலும் வருகிறது. ஹைப்போ போகக் கழுவி, கிளிப்பில் மாட்டிய ஷீட் காயும்போது தண்ணீர் வடிந்த ஓரத்தில் வெள்ளைக் கோடாகப் படியும். பிரிண்ட் போட்டால் அங்கே வெளிறித் தெரியும். மை தொட்ட நுனித் தூரிகையால் டச்சிங் செய்து அதை மறைப்பது என் ஸ்டூடியோ நாட்களிலிருந்தே கைப்பழக்கம்.

ஒரு தை மாதக் கடைசியில் எடுத்த ஷீட்டில் நீருக்கு மேலே மரங்களின் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று ஓடியது. இரண்டு இரவு உட்கார்ந்து, மரம் மரமாக அதை மறைத்தேன். நல்ல வேலை என்று எனக்கே தோன்றியது. அடுத்த முறை போனபோது, கரையில் ஆடு மேய்க்கும் ஆயா பார்க்கட்டுமே என்று பிரிண்டை எடுத்துப்போனேன். என் துணிக்குள் தலைவிட்டு ஏரியைப் பார்த்திருக்கிறவர். படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன தம்பி, மரத்துல கோட்டக் காணோம்?"

"எந்தக் கோடு ஆயா?"

"தண்ணி நின்ன கோடு. அது இருந்தாத்தான எம்மாந் தண்ணி வந்துச்சுன்னு தெரியும்." தடியை நீட்டி, மரங்களைக் காட்டினார். அடிமரங்களில் ஒரே மட்டத்தில், வண்டல் காய்ந்து வெளிறிய கோடு.

வீட்டுக்கு வந்து நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு மரங்களில் மட்டும்தான் இருந்தது. மரங்களுக்கு நடுவே வெறும் பனி, அங்கே கோடு இல்லை. சுண்ணாம்புக் கறை மரம் பார்த்துப் படியுமா? இத்தனை ஆண்டுகள் தொழில் செய்தவன் கண்டுகொண்டிருக்க வேண்டும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமைவிடப் பதின்மூன்று மடங்கு பெரிய பரப்பில் கேமரா அவ்வளவு துல்லியமாக எழுதிக் கொடுத்ததை நான் கறை என்று அழித்திருக்கிறேன். அந்தப் பிரிண்டைக் கிழிக்கவில்லை, டார்க்ரூம் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். அன்றிரவே டச்சிங் இல்லாமல் இன்னொன்று போட்டு, ஆயாவிடம் கொடுத்தேன்.

இப்போது கடைசிக் கழுவலுக்கு மொட்டைமாடியில் பிடித்த மழைத்தண்ணீர். தீர்ந்துவிட்டால் பேட்டரித் தண்ணீர். ஷீட்டில் எந்தக் கோடும் படியாது, ஆகவே தெரியும் கோடெல்லாம் ஏரியுடையது. ஒவ்வொரு தையிலும் கரையில் அதே இடம், அதே ஐந்து மரங்கள். துணிக்குள் நுழைந்ததும் முதலில் பூதக்கண்ணாடி போவது அந்தக் கோட்டுக்குத்தான், அது கூர்மையான பிறகுதான் மற்றவை. போன தையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. பழையது மங்கலாக மேலே, புதியது அதற்கு ஒரு சாண் கீழே. புதியதில் ஈரம் இன்னும் காயவில்லை. மூடியைக் கழற்றி எண்ணத் தொடங்கினேன். பதினொன்று எண்ணும்போது ஒரு நீர்க்காகம் வந்து நடுமரத்தில் உட்கார்ந்து, பதினாறில் பறந்துவிட்டது. மூடியை மாட்டினேன்.