பத்தியைக் குடுங்க

"தம்பி, எழுத்துல ஆரம்பிக்காதீங்க. பத்தியக் குடுங்க." ஏசர் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களாகச் சேர்ந்த எங்களுக்குப் பயிற்சி தந்த அக்கா முதலில் சொன்னது இதைத்தான். பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று அறிய, 2005 முதல் பிரதம் என்ற தொண்டு அமைப்பு முன்னின்று நடத்தும் கணக்கெடுப்பு அது. ஊரில் வீடு வீடாகப் போய், 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்வோம். வீட்டிலேயே நடப்பதால், பள்ளிப்பக்கம் போகாத பிள்ளையும் விடுபடாது.

வாசிப்புக்குக் கையில் இருப்பது ஒரே தாள். எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. பத்தி வந்தால் கதைக்குப் போக வேண்டும். வராவிட்டால் சொற்கள், அதற்கும் கீழே எழுத்துகள். சொல்லோ எழுத்தோ, ஐந்தில் நான்கு சரியாக வந்தால் போதும். எட்டாம் வகுப்புப் பையனிடம் எடுத்த எடுப்பில் 'க'வைக் காட்டினால் அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தால், அக்கா சொன்னதன் நியாயம் புரியும்.

பத்தியில் மூன்று பிழை வரை தள்ளுபடி. பிழையை எண்ணிவிடலாம். பிள்ளை வாக்கியமாக வாசிக்கிறதா, தனித்தனிச் சொற்களாக உதிர்க்கிறதா என்று காதால் பிரிப்பதுதான் பெரும்பாடு. மெதுவாக வாசிப்பது குற்றமே அல்ல. அக்கா ஒரே பத்தியைப் பலவிதமாக வாசித்துக் காட்டுவார். நாங்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் குறிப்போம். ஆளுக்கொரு விடை வரும். பிறகு சண்டை. அந்தச் சண்டையில்தான் காது பழகியது என்பேன்.

அடுத்த பாடம் வாயைக் கட்டுவது. பிள்ளை திணறும்போது உதடு தானாக அசைந்து விடை சொல்லிவிடும். வாசலில் நிற்கும் அம்மாவையும் பாட்டியையும் அடக்குவது தனி வித்தை.

கணக்கில் முதலில் கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு கணக்குகள். இரண்டும் சரியென்றால் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கச் சொல்வோம். இல்லையென்றால் எண்களை அடையாளம் காட்டச் சொல்வோம்.

எனக்கு ஒரு குறை உண்டு. கதையைத் தடதடவென்று வாசித்துவிட்டு 'அடுத்து என்ன?' என்று பார்க்கும் பெண்ணிடம் நீட்ட இந்தத் தாளில் எதுவும் இல்லை. அடித்தளம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. 14 முதல் 18 வயதினருக்கான 2023 ஏசர் கணக்கெடுப்பில், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் உள்ள குறிப்பைப் படித்துப் பதில் சொல்லவும் கேட்டார்கள். அந்தப் பக்கம்தான் என் மனம் இழுக்கிறது.