நிற்கும் வண்டிக்குப் புது ஆயில்

பனி விழும் நாடுகளில் குளிர்காலம் வந்ததும் பைக்கைப் போர்த்தி வைத்துவிட்டு, வெயில் திரும்பிய பிறகுதான் வெளியே எடுப்பார்கள். மார்கழிக் குளிருக்கு நெல்லையில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. இங்கே வண்டி நிற்கும் காரணம் வேறு. துபாய்க்கோ சவூதிக்கோ போனவர் லீவில்தான் வருவார். மும்பையில் கடை வைத்திருப்பவருக்குக் கோயில் கொடைக்கு மட்டும்தான் ஊர். மேலப்பாளையம், களக்காடு, அம்பாசமுத்திரம், எங்கே போனாலும் மாடிப்படிக்குக் கீழே பழைய வேட்டி போர்த்திய வண்டி ஒன்று நிற்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் முழுவதும் அதன் மேல்தான்.

*

“வந்து ஆயில் மாத்திக்கிடலாம்” என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். போவதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வருவது கரியையும் அமிலத்தையும் கூட்டிக்கொண்டு ஆயிலில் கலக்கும். ஓடுகிற எஞ்சினின் சூடு ஈரத்தை விரட்டிவிடும். நிற்கிற எஞ்சினில் அது பேரிங்கையும் கேம் ஷாஃப்டையும் மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும்.

வண்டியை ஒரு சுற்று ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். கசடும் சேர்ந்து இறங்கும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தால் ஹெட் வரைக்கும் நல்ல ஆயில் ஏறி நிற்கும்.

*

வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் போடச் சொல்லி வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நின்ற இடத்தில் இரண்டு நிமிஷம் ஓடி அணையும் எஞ்சின் சூடே ஏறாது. தண்ணீர்தான் உள்ளே சேரும். எடுத்தால் சேரன்மாதேவி வரைக்குமாவது ஓட்டிவிட்டு வரட்டும். முடியாதென்றால் தொடாமல் விடுவதே நல்லது. பேட்டரி வயரைக் கழற்றிவைத்தால் போதும், நெகட்டிவ் வயரை முதலில்.

*

பெட்ரோலும் முன்பு போல இல்லை. பங்கில் இப்போது போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். துரு அங்கேதான் தொடங்குகிறது. டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறையும். கார்ப்பரேட்டர் வண்டி என்றால் டேப்பை மூடிவிட்டு, கார்ப்பரேட்டரில் மிச்சமிருப்பதையும் வடித்துவிடுங்கள்.

*

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறி வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை எல்லாம் தண்ணீர். நிறுத்தி வைத்த வண்டியும் ஓடுகிற வண்டியும் ஒன்றாக மூழ்கின.

தண்ணீர் வடிந்ததும் கை தன்னால் சாவிக்குப் போகும். “அண்ணாச்சி, கிக்கரை மிதிச்சிராதீங்க, அப்படியே தள்ளிட்டு வாங்க” என்பதுதான் மெக்கானிக்குகளின் முதல் வார்த்தை. காற்றை அழுத்துவது போலத் தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் போட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கிக்கரை மிதிக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியே சேற்றுத் தண்ணீர் பீய்ச்சும். டிரெயின் போல்ட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும், ஆயிலைவிடக் கனம் என்பதால் அது அடியில் கிடக்கிறது. பின்னாலேயே பால் டீ நிறத்தில் கொழகொழவென்று இறங்குவதுதான் ஆயில். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் ஒரு தடவை மாற்றியதோடு நிறுத்தக் கூடாது. விலை குறைந்த ஆயில் ஊற்றி, சில நிமிஷம் ஓடவிட்டு, வடித்து, வெண்மை போகும்வரை திரும்பவும் செய்ய வேண்டும். நல்ல ஆயில் அதற்கப்புறம்தான். ஏர் ஃபில்டர், பிரேக் டிரம் இரண்டையும் திறந்து பார்க்காமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது.

இன்சூரன்ஸில் தேர்டு பார்ட்டி மட்டும் கட்டியிருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. ஐப்பசிக்கு முன்பே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

*

கார் ஆயில் மிச்சம் இருக்கிறதென்று பைக்கில் ஊற்றுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. வழுக்கலுக்கென்று மருந்து சேர்த்த கார் ஆயில் போனால் கிளட்ச் நழுவும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

*

வடித்த ஆயில் எங்கே போகிறது? சென்ட்ரிங் பலகைக்குப் பூச என்று கொஞ்சம் போகும். வீட்டு வாசலில் மாற்றினால் சாக்கடைதான். சாக்கடை பாளையங்கால்வாயிலோ நெல்லைக் கால்வாயிலோ போய் விழும்; கால்வாய் வயலுக்குப் போகும். ஒரு பைக்குக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், ஆனால் தெருவுக்கு எத்தனை பைக் என்று எண்ணிப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் பழைய கேனிலேயே பிடித்து மூடி, கழிவு ஆயிலை முறையாகச் சேர்த்து அனுப்பும் சர்வீஸ் சென்டராகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். நாம் குடிப்பதும் ஆற்றுத் தண்ணீர்தான்.