கியோட்டோவில் நான்முகன் தரிசனம்

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகரான கியோட்டோவில் என் இளைய மகள், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஓராண்டு பயின்றாள். விடுதி அறையைக் காலி செய்ய ஐந்து நாட்களே எஞ்சியிருந்த மார்ச் மாதத்தில் நானும் என் மனைவியும் அங்கே சென்றடைந்தோம். மகளை உடன் அழைத்து வருவதே எங்கள் எண்ணம். ஆனால், முனைவர் பட்ட ஆய்வை அங்கேயே தொடரலாம் என்று அவளுடைய பேராசிரியர் கூறியிருந்தார். அந்த ஐந்து நாட்களுக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். அதைப் பற்றி மூவருமே வாய் திறக்காமல், கோயில்களைக் காணப் புறப்பட்டோம்.

முதலில் சென்றது சான்ஜூசாங்கென்டோ. 1164-ல் எழுப்பப்பெற்று, 1249-ல் தீக்கிரையாகி, 1266-ல் மீண்டும் கட்டப்பெற்ற மரக் கோயில் இது. நம் ஊரைப் போலவே காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்லவேண்டும். ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபம். ஆயிரங்கரத்து அவலோகிதேஸ்வரரின் 1,001 திருவுருவங்கள் அங்கே பொன்னொளி வீச எழுந்தருளியிருக்கின்றன. முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். அவர்களுள் ஒருவர் அலகும் சிறகுமாகக் குழல் ஊதுகிறார். 'கருரா' என்கிறார்கள். நம் கருடாழ்வார்தான்! புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. ஆகவே, கண்குளிரச் சேவித்துத் திரும்பினோம்.

மார்ச் 21-ஆம் நாள் தோஜி ஆலயத்துக்குச் சென்றோம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 796-ல் தொடங்கப்பெற்ற இவ்வாலயம், 823-ல் கூகாய் என்னும் துறவியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மறைந்த திதியை நினைவுகூர்ந்து, மாதந்தோறும் 21-ஆம் நாள் வளாகத்தில் சந்தை கூடுகிறது. பழைய கிமோனோ, பீங்கான் கிண்ணம், ஊறுகாய் என எல்லாம் விற்கிறார்கள். சுமார் 55 மீட்டர் உயரமுள்ள ஐந்தடுக்கு மரக்கோபுரத்தின் நிழலில், எங்கள் திருவிழாக் கடைவீதிகள் நினைவுக்கு வந்தன.

உபதேச மண்டபத்தில் 839-ல் நிறுவப்பெற்ற 21 திருவுருவங்கள் உள்ளன. ஒரு கோடியில் நான்கு அன்னங்கள் தாங்கும் தாமரைப் பீடத்தில், நான்கு முகங்களோடு அமர்ந்திருப்பவர் பிரம்மதேவர். மறுகோடியில் யானைமீது இந்திரன். நான்முகனுக்குத் தனிச் சந்நிதி நம் நாட்டிலேயே அரிதல்லவா? என் மனைவி தன்னை மறந்து கைகூப்பினாள். அருகில் நின்ற ஜப்பானிய மூதாட்டி ஒருவர் புன்னகையுடன் விலகி இடம் தந்தார்.

கூகாயும் வெளிநாடு சென்று பயின்ற மாணவரே. 804-ல் அரசுத் தூதுக்குழுவுடன் சீனத்துக்குக் கப்பலேறினார். அங்கே 20 ஆண்டுகள் தங்கிப் பயில்வது ஏற்பாடு. சாங்கான் நகரில் ஹுய்குவோ என்னும் குரு, சில மாதங்களிலேயே தம் ஞானம் முழுவதையும் அவருக்கு உபதேசித்தார். 'விரைவில் ஊர் திரும்பி இதனைப் பரப்புக' என்று கூறி மறைந்தார். குருவின் சொற்படி, கூகாய் 806-லேயே திரும்பிவிட்டார். கொண்டுவந்த நூல்களுக்குப் பட்டியல் எழுதி அரசவைக்கு அனுப்பினார். சூத்திரங்கள் முதலியன 142, சமஸ்கிருத மந்திர நூல்கள் 42, விளக்க நூல்கள் 32, ஆக 216. வங்கியில் உழைத்த பழக்கத்தால் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகவே வந்தது.

அந்த ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி. காஞ்சி மன்னரோடு தொடர்புடையவராகச் சீன வரலாறுகள் குறிப்பிடும் பாரதத் துறவி இவர். கூகாய் கொண்டுவந்த வஜ்ரபோதியின் ஓவியம், இன்றும் தோஜியின் அரும்பொருளாகப் போற்றப்படுகிறது. காஞ்சியோடு தொடர்புடைய ஒரு ஞானப் பரம்பரை, கடல்கள் கடந்து இங்கே வந்து நிலைபெற்றிருக்கிறது.

இவற்றையெல்லாம் மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். என் மனைவி மெல்லக் கேட்டாள்: "இருபது வருஷம் என்று அனுப்பினார்களே, அவரைப் பெற்றவள் என்ன பாடு பட்டிருப்பாள்?"

மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அம்மா, பின்னாளில் அவர் கோயா மலையில் மடம் அமைத்தார். பெண்கள் அங்கே ஏறக்கூடாது என்பது அக்கால நியமம். அதனால் அவருடைய தாயார் அடிவாரத்தில் தங்கினாராம். தாயைக் காண மாதம் ஒன்பது முறை அவர் இறங்கி வந்தார் என்பது ஐதிகம். அந்த ஊருக்கே கூடோயாமா, அதாவது ஒன்பது முறை மலை என்று பெயர்."

மரக்கோபுரத்தின் எதிரே அமர்ந்தோம். செர்ரி மரங்களில் மொட்டுகள் இன்னும் அவிழவில்லை. நெடுநேரம் கழித்து என் மனைவி, "அப்படியானால் நீயும் மாதம் ஒன்பது முறையாவது பேசவேண்டும்" என்றாள். மகள் தாயின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். மறுநாள் பேராசிரியருக்குப் பதில் போயிற்று. அவளுடைய கோடை ஆடைகளும் பழைய புத்தகங்களும் நிறைந்த பெட்டியோடு, நாங்கள் இருவரும் சென்னை திரும்பினோம்.

அன்பர்களே, அயல்நாட்டில் பயிலும் பிள்ளைகள் உங்களுக்கு இருந்தால், இயன்றவர்கள் படிப்பு முடியும் தறுவாயில் ஒருமுறை சென்று வாருங்கள். எங்கே போகலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஓராண்டில் அவர்கள் கற்றது என்ன என்பது அவர்கள் காட்டும் இடங்களில் தெரியவரும்.

எங்கள் வீட்டுப் பூஜையறை நாட்காட்டியில், மகள் அழைக்கும் நாட்களை என் மனைவி குங்குமத்தால் குறித்து வருகிறாள். சென்ற மாதம் பதினொன்று.